விளக்குமாற்றைக் கீழே வையுங்கள், ஆச்சி!

கேள்வி: எங்கள் வளவுத் தூணிலும் சுவரிலும் சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நகமளவு பூச்சி ஒன்று தாவித் திரிகிறது. கிட்டே போனால் திரும்பி என்னையே முறைக்கிறது. கடித்து வைக்குமா? அடித்துவிடலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அடிக்காதீர்கள் ஆச்சி. அது சுவரில் வாழும் தாவும் சிலந்தி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மெனெமெரஸ் பைவிட்டாட்டஸ். 1831-ல் துஃபூர் என்ற பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இராது. முதுகு நடுவே கருங்கோடு ஓடினால் ஆண். இரு ஓரமும் கறுப்புக் கரை போட்டிருந்தால் பெண்.

முறைப்பது கோபத்தில் அல்ல. எட்டுக் கண்ணில் பக்கத்துக் கண்கள் அசைவை மட்டும் பிடிக்கும். ஆள் யாரென்று பார்க்க முன்னிரண்டு பெரிய கண்களைத் திருப்பியாக வேண்டும். அந்தக் கண்ணோ வெளியே உருளாது. உள்ளே விழித்திரைதான் நகர்கிறது!

வேட்டைக்கு வலை கட்டாது. ஈயை நோக்கி அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பாயும். குறி தப்பினால் நூலில் தொங்கி மேலே ஏறிவிடும். காலை நீட்டி எம்புவது உடல் திரவத்தின் அழுத்தத்தால். முற்றத்தில் வடகம் காயும்போது இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

மனிதருக்கு ஆபத்தில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்: நிலை இடுக்கில் வெள்ளைப் பட்டுப் பை தெரிந்தால் அதன்மேல் பூச வேண்டாம், உள்ளே முட்டை இருக்கலாம்.