ஹென்றி லாசனின் கடிதங்கள் எவ்வாறு திரட்டப்பட்டன?

கடிதங்கள் எழுதியவரிடம் இருப்பதில்லை, பெற்றவர்களிடமே தங்குகின்றன என்பதால், ஆஸ்திரேலியக் காட்டுவெளி மக்களைப் பாடிய கவிஞரும் கதையாசிரியருமான ஹென்றி லாசனின் (1867–1922) கடிதங்களைத் தேடுவோர் அவருடைய உறவினர், பதிப்பாளர், நண்பர் ஆகியோரின் தாள்களையே நாட வேண்டியிருந்தது. அவற்றுள் என் கணிப்பில் மிகவும் மதிப்புடையவை, 1892–93ஆம் ஆண்டுகளில் பர்க், ஹங்கர்ஃபோர்டு ஊர்களிலிருந்து தம் சித்தி எம்மாவுக்கு அவர் எழுதியவை. பிற்காலக் கதைகளில் வரும் வெயிலும் நடைப்பயணமும் அங்கே மெருகேறாமல், பட்டபடியே பதிவாகியுள்ளன. சிறுவயதிலேயே செவித்திறன் இழந்த ஒருவருக்குக் கடிதம் வெறும் செய்தி சொல்லும் தாளாக மட்டும் இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

சிட்னியிலுள்ள மிட்செல் நூலகம் அவருடைய கையெழுத்துப் படிகள் பலவற்றைப் பாதுகாக்கிறது. ஆஸ்திரேலிய இலக்கிய ஆய்வாளர் கோலின் ரோடரிக் அவருடைய கடிதங்களைத் தொகுத்து 1970இல் நூலாக்கினார். இத்தகைய தொகுப்பில் கடினமான பணி, தேதியிடாத கடிதங்களை அஞ்சல் முத்திரை, முகவரி, உள்ளே பேசப்படும் நிகழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டு வரிசைப்படுத்துவதாகும்.

சிட்னியில் 1931இல் நிறுவப்பட்ட சிலையும், பிறந்த ஊரான கிரென்ஃபெல்லில் நடைபெறும் ஆண்டு விழாவும் அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன. ஆனால் குடியும் கடனும் சிறைவாசமும் கலந்த அவருடைய வாழ்க்கையை அறிய விரும்புவோர் கடிதங்களிலிருந்தே தொடங்குவது நல்லது.