ஊர் திரும்பிய கோச் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் மாணவராக இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் கொலம்பஸில் இருக்கிறேன். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சமையல் கிடையாது. ஜோ பர்ரோ என்ற ஆட்டக்காரர் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எல்.எஸ்.யூ. என்கிற லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். கோச் கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்குப் போய், எல்லோரும் கைகழுவிய அணியைச் சாம்பியன் ஆக்கினார். கோச் பிரையன் கெல்லியோ நோட்டர் டேமை விட்டு எல்.எஸ்.யூ.வுக்குப் போய், பாதியில் வெளியேற்றப்பட்டார். இதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? திறமைசாலி எங்கே போனாலும் ஜெயிப்பானா? இப்போது பையன்கள் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள், விசுவாசம் என்பதே போய்விட்டது. என் மகன் ஆட்டக்காரன் அல்ல, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவனும் வேறு கல்லூரிக்கு மாறப்போவதாகச் சொல்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

விசுவாசத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 2021 வரை என்ன நடைமுறை இருந்தது? கோச் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வேறு கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, திங்கட்கிழமை அந்த ஊர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கலாம். அவரை நம்பி வந்து சேர்ந்த 19 வயதுப் பையன் வேறு இடம் போனால், ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். பட்டம் முடித்தவர்களுக்கு விலக்கு உண்டு. பர்ரோ மூன்று வருடத்தில் படிப்பை முடித்ததால் தப்பித்தார். மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோச்சாக இருந்த நிக் சேபன், அலபாமாவுக்குப் போக மாட்டேன் என்று 2006 டிசம்பரில் பத்திரிகையாளர்களிடம் அடித்துச் சொன்னார். 2007 ஜனவரியில் அலபாமாவின் கோச். அங்கே ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலையே இருக்கிறது. பெரியவர் போனால் முன்னேற்றம், பையன் போனால் துரோகமா? இப்போது படிப்பில் தேறியிருந்தால் பையனும் போகலாம், போன இடத்தில் அந்த வருடமே ஆடலாம். கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்கிற எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் டி.வி.யில் வருவதில்லை, அதனால் உங்கள் கடிதத்திலும் வரவில்லை. நீங்கள் எத்தனை கம்பெனி மாறி கொலம்பஸ் வந்து சேர்ந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சரி, பர்ரோ. நீங்கள் ஒஹாயோக்காரர், அதனால் இந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பர்ரோவின் அப்பா நெப்ராஸ்காவில் ஆடியவர். இரண்டு அண்ணன்களும் நெப்ராஸ்காவில் ஆடியவர்கள். கடைக்குட்டிக்கும் அங்கே போகத்தான் ஆசை. பள்ளி முடித்தபோது நெப்ராஸ்கா அவருக்கு இடம் தரவில்லை. ஒஹாயோ ஸ்டேட் போனார், அங்கே ஆட வாய்ப்பு வரவில்லை, 2018-இல் லூயிசியானாவின் எல்.எஸ்.யூ. அங்கே முதல் வருடம் சுமார்தான், 16 டச்டவுன் பாஸ். மறு வருடம் ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார், பந்து வீசும் முறையையே மாற்றினார்கள், 60 டச்டவுன் பாஸ், 15 ஆட்டத்தில் 15 வெற்றி. ஊர் மாறியதால் வந்ததா, பிரேடியால் வந்ததா, வயது ஏறியதால் வந்ததா? பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பர்ரோ நெப்ராஸ்காவுக்குப் போயிருந்தால் அவர் ஜிம்மி பர்ரோவின் மகனாகவும் இரண்டு அண்ணன்களின் தம்பியாகவும்தான் போயிருப்பார். எல்.எஸ்.யூ. இருக்கும் பேட்டன் ரூஜில் அவர் யாரோ.

நெப்ராஸ்கா என்று சொல்லிவிட்டேன். இனி ஸ்காட் ஃப்ராஸ்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உங்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லை. உங்கள் கடிதம் வந்தபோது நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெப்ராஸ்கா மண்ணில் பிறந்தவர் ஃப்ராஸ்ட். அப்பா நெப்ராஸ்கா அணியில் ஆடியவர். அம்மா 1968 ஒலிம்பிக்ஸில் வட்டு எறிந்தவர். வுட் ரிவர் என்ற சிற்றூர்ப் பள்ளியில் பெற்றோரிடமே பயிற்சி. ஆனால் பள்ளி முடித்ததும் பையன் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்விட்டான். அங்கே சரிப்படாமல் 1995-இல் நெப்ராஸ்காவுக்கு மாறி வந்து, விதிப்படி ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தார். 1996-இல் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்.

அப்போது நான் லிங்கனில் இருந்தேன். அந்த ஊரில் 1962-இலிருந்து ஸ்டேடியத்தில் எல்லா இருக்கையும் விற்றுப்போகாமல் ஒரு ஆட்டம்கூட நடந்ததில்லை. ஆட்டநாளில் கடைத்தெருவில் ஈ, காக்காய் இருக்காது. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர், நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்த விவசாயி. சனிக்கிழமை மதியம் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார், உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் செப்டம்பரில் அரிசோனா ஸ்டேட்டிடம் 19-0 என்று தோற்றார்கள். தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்து வந்த அணி, ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வாசலில் நின்று, "அந்தக் கலிஃபோர்னியாக்காரன்" என்று ஃப்ராஸ்டைத் திட்டினார். வுட் ரிவர் எங்கள் ஊரிலிருந்து காரில் போய்வருகிற தூரம். சொந்த ஸ்டேடியத்திலேயே அந்தப் பையனுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். இரண்டு பருவம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவனை அவர்கள் மன்னிக்கவில்லை.

அடுத்த வருடம் 13 ஆட்டம், 13 வெற்றி. மிசௌரியில் தோற்கவேண்டிய ஆட்டம்; கடைசி நொடிகளில் ஃப்ராஸ்ட் வீசிய பந்து ஒருவன் காலில் பட்டு எழும்பி இன்னொருவன் கையில் விழுந்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். பருவத்தின் முடிவில் பத்திரிகையாளர்கள் மிச்சிகனைச் சாம்பியன் என்றார்கள், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்காவை என்றார்கள். கோச் டாம் ஆஸ்போர்ன் அத்தோடு ஓய்வு பெற்றார். என் வீட்டுக்காரர் அதன்பிறகு ஃப்ராஸ்டை "நம்ம பையன்" என்றுதான் சொன்னார், கலிஃபோர்னியா பற்றிப் பேச்சே இல்லை.

இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. ஃப்ராஸ்ட் 2016-இல் ஆர்லாண்டோவில் இருக்கும் யூ.சி.எஃப். என்கிற மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கோச் ஆனார். முந்தைய வருடம் 12 ஆட்டத்தில் 12 தோல்வி கண்ட அணி. அதைவிடக் கீழே போக இடமில்லை. முதல் வருடம் ஆறு வெற்றி, ஏழு தோல்வி. இரண்டாம் வருடம் 13-க்கு 13. 2017 டிசம்பரில் நெப்ராஸ்கா கூப்பிட்டது, ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் திரும்பி வந்து, புத்தாண்டு நாளில் ஆபர்னுக்கு எதிரான பீச் போல் ஆட்டத்தில் யூ.சி.எஃப். பையன்களோடு நின்று ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போனார். விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

நெப்ராஸ்காவில் என்ன ஆயிற்று? முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. அந்த அணியின் வரலாற்றில் அவ்வளவு மோசமான தொடக்கம் இருந்ததில்லை. 2021-இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி; அந்த ஒன்பதும் ஒன்பது புள்ளிக்குள் தோற்றவை. ஒரு அணி ஒரு வருடம் முழுக்க அப்படித் தோற்க முடியும் என்று சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். 2022-இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னால் இருக்கும்போது, பந்தை நீளமாக உதைத்து அனுப்பாமல் தாங்களே திரும்பப் பிடிக்கலாம் என்று கிட்டே உதைக்கச் சொன்னார். எதிரணி பிடித்தது. 31-28 தோல்வி. யாரும் கேட்காத சூதாட்டம் அது. அதற்கு ஊரையோ, பழைய நினைவையோ நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர் தலையில்தான். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மண்ணில் தோற்ற மறுநாள் வேலை போயிற்று. மொத்தம் 16 வெற்றி, 31 தோல்வி. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குக் கொடுக்கவேண்டிய 15 மில்லியன் டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். பொறுக்கவில்லை. ஏழரை மில்லியன் டாலர் கூடுதலாகக் கொடுத்தாவது அந்த முகத்தை மூன்று வாரம் முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வெளியூர் கோச் ஒருவர் மேல் இவ்வளவு கோபம் வருமா?

வராது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். புது இடத்துக்குப் போவது அத்தனை கஷ்டமில்லை. பழைய இடத்துக்குப் புது வேலையில் போவதுதான் கஷ்டம். ஆர்லாண்டோவில் ஃப்ராஸ்ட் ஒரு கோச். லிங்கனில் அவர் 1997. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும் ஆஸ்போர்ன் காலத்து நெப்ராஸ்காவை அவரிடம் திருப்பிக் கேட்டார்கள். அவர் தன் உதவிப் பயிற்சியாளர்களை ஏறக்குறைய மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆர்லாண்டோவில் ஜெயித்துக் கொடுத்த பையன்களைக் கொண்டுபோக முடியவில்லை. போனால் ஒரு வருடம் உட்கார வேண்டுமே.

நான் படித்த கல்லூரிக்கே பிற்பாடு பாடம் நடத்தப் போனேன். எனக்குப் பாடம் எடுத்த சிலர் அப்போதும் துறையில் இருந்தார்கள். பாடத்திட்டத்தில் ஒரு வரி மாற்றவேண்டும் என்று நான் சொன்னால், "நீ கடைசி பெஞ்சில் தூங்கினவன்தானே" என்று ஒருவர் சிரிப்பார். கெட்ட எண்ணம் கிடையாது, பாசம்தான். அந்தப் பாசத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. வேறு ஊரில் ஒரு கல்லூரிக்குப் போனேன், முதல் கூட்டத்திலேயே நான் சொன்னதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அங்கே நான் தூங்கியதை யாரும் பார்க்கவில்லை.

ஹார்பாவைக் கொண்டுவந்து என்னை அடிக்க ஒருவர் தயாராக இருப்பார், தெரியும். ஜிம் ஹார்பா மிச்சிகனின் பழைய குவார்ட்டர்பேக், 2015-இல் கோச்சாகத் திரும்பினார், 2024 ஜனவரியில் சாம்பியன். ஜார்ஜியாவில் கர்பி ஸ்மார்ட், முன்னாள் ஆட்டக்காரர், இரண்டு பட்டம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்மார்ட்டுக்குக் கிடைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த அணி. ஹார்பாவோ ஆறாம் வருடம் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி என்று தரையில் கிடந்தார். சம்பளத்தைப் பாதியாக வெட்டினார்கள், ஆளை அனுப்பவில்லை. ஒன்பதாவது பருவத்தில்தான் கோப்பை வந்தது. ஃப்ராஸ்டுக்கு ஆறாம் வருடமே கிடையாது.

சிக்னெட்டி கேட்டீர்கள். அவர் இண்டியானாவுக்கு வந்தபோது அது கூடைப்பந்து ஊர், ஃபுட்பாலில் முந்தைய வருடம் மூன்று வெற்றி. யாருக்கும் எந்த 1997-உம் நினைவில் இல்லை. அதோடு ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 ஆட்டக்காரர்களைக் கையோடு கூட்டிவந்தார், விதி மாறியிருந்ததால். 2024-இல் 11 வெற்றி. 2025 பருவத்தில் 16-க்கு 16. அந்த வருடம் ஹைஸ்மன் வாங்கிய ஃபெர்னாண்டோ மெண்டோசாவும் கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்தவர்தான். அவர் மயாமிப் பையன். இறுதி ஆட்டத்தில் மயாமி மண்ணில் மயாமி பல்கலைக்கழக அணியைத் தோற்கடித்தார். ஊருக்கு எதிரணியாகப் போவது இன்னொரு வழி! சிக்னெட்டி திறமைசாலி இல்லை என்று சொல்லவில்லை. அலபாமாவில் சேபனின் உதவியாளர் வேலையை விட்டுவிட்டு, இரண்டாம் பிரிவில் ஆடும் சின்னக் கல்லூரிக்குத் தலைமை கோச்சாக இறங்கிப் போனவர், அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? ஆனால் "எங்கே போனாலும் ஜெயிப்பான்" என்ற வரியை அழித்துவிட்டு, "யாரைக் கூட்டிக்கொண்டு, எதை எதிர்பார்க்கும் ஊருக்குப் போனான்" என்று எழுதுங்கள்.

கெல்லிக்கு இரண்டு வரி போதும். அவருக்கு முன்னால் எல்.எஸ்.யூ.வில் கோச்சாக இருந்த மூன்று பேரும் சாம்பியன் பட்டம் வாங்கியவர்கள். 34 வெற்றி, 14 தோல்வி வேறு எங்கேயாவது சிலை வைக்கும் கணக்கு, அங்கே போதாது.

ஃப்ராஸ்ட் இப்போது மறுபடி யூ.சி.எஃப்.இல். நெப்ராஸ்காவுக்கு முழு மனதோடு போகவில்லை, படித்த கல்லூரிக்கு உதவவேண்டும் என்ற இழுப்பில் போனேன், அது நல்ல முடிவல்ல என்று 2025 கோடையில் சொன்னார். நெப்ராஸ்காவில் பலருக்குக் கோபம். எனக்கு வரவில்லை. ஆனால் ஆர்லாண்டோவும் இப்போது அவருக்குப் பழைய இடம், அங்கேயும் ஒரு 13-0 அவருக்காகக் காத்திருக்கிறது. முதல் பருவம் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி.

உங்கள் மகனைப் பற்றி மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறந்தது நீங்கள். பர்ரோ, சிக்னெட்டி, கெல்லி என்று வரிசையாக எழுதியவர், மகன் என்ன படிக்கிறான், எங்கிருந்து எங்கே போக நினைக்கிறான், ஏன் போக நினைக்கிறான் என்று ஒரு சொல் எழுதவில்லை. அவனிடம் கேட்டீர்களா? இல்லை, விசுவாசம் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்களா? ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றினால் இதை மட்டும் சொல்லுங்கள்: இதுவரை முடித்த பாடங்களில் எத்தனை கிரெடிட்டை புதுக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், இந்த முறை ஃபுட்பால் இல்லாமல்.