பழைய சப்மரினரா, புதிய சப்மரினரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கைக்கடிகாரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். பல ஆண்டுகள் சேர்த்துவைத்த பணத்தில் ஒரே ஒரு நல்ல டைவ் வாட்ச் வாங்கி, இனி வேறு கடிகாரம் தேடாமல் அதையே தினமும் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். இப்போது என் முன்னால் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று, 1996-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோலெக்ஸ் சப்மரினர் 16610. மற்றது, 2020-இல் வெளிவந்த 126610 எல்என். பழையதை நேரில் பார்த்தேன். பாலிஷ் செய்யப்பட்டுப் புத்தம் புதிதுபோல மின்னுகிறது; இருட்டறையில் பல நிமிடங்கள் பச்சையாக ஒளிர்ந்தது. டயல், முட்கள் எல்லாம் அசல் என்று விற்பவர் உறுதி சொல்கிறார்.

என் மணிக்கட்டு மெலிந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை கடலில் முக்குளிக்கச் செல்வேன். பழையதில்தான் உயிர் இருக்கிறது என்கிறார் ஒரு நண்பர்; தண்ணீருக்குள் பழையதை நம்பாதே என்கிறார் இன்னொருவர். எதிர்காலத்தில் எது கூடுதல் விலைக்குப் போகும் என்ற கேள்வியும் மனத்தில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

அந்தப் பழைய கடிகாரம் 1996-ஐச் சேர்ந்தது, அதன் டயல் அசல், அது இருட்டில் பல நிமிடங்கள் ஒளிர்கிறது என்று மூன்று செய்திகளைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் இதைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

1990-களின் பிற்பகுதிவரை சப்மரினரின் டயலில் ஒளிரும் பூச்சாகப் பயன்பட்டது டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். முப்பது ஆண்டுகளை நெருங்கும் ஒரு டயலில் தொடக்கத்தில் இருந்த டிரிட்டியத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கும். அதனால் தூண்டப்பட்டு ஒளிவிட வேண்டிய துத்தநாக சல்பைடும் அதற்குள் தளர்ந்திருக்கும். பலமான விளக்கைக் காட்டிவிட்டு அணைத்தால் அத்தகைய டயல் சில நொடிகள் மங்கலாகத் தெரிந்து அடங்கிவிடுமே தவிர, நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிராது. அப்படி ஒளிர்வது அதற்குப் பின் வந்த லூமினோவா, சூப்பர்-லூமினோவா வகைப் பூச்சுகளின் இயல்பு. ஆகவே அந்தக் கடிகாரத்தின் டயல் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது பழைய டயலின் மேல் யாரோ புதுப் பூச்சை ஏற்றியிருக்க வேண்டும், அல்லது கடிகாரமே 1996-ஐச் சேர்ந்தது அல்லாததாக இருக்க வேண்டும்.

எது நடந்திருக்கிறது என்பதை ஒரு உருப்பெருக்கியைக் கொண்டு நீங்களே பார்த்துவிடலாம். டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக் குறிக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்துகள் இருக்கும். அங்கே ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும் 25 என்ற எண்ணும் இருந்தால் அது டிரிட்டியம் டயல். அது நன்றாக ஒளிர்கிறது என்றால் பூச்சு பிற்காலத்தது. ‘ஸ்விஸ் மேட்’ என்று மட்டும் இருந்தால் சர்வீஸின்போது மாற்றப்பட்ட டயல் என்று கொள்ளலாம். மாற்றப்பட்ட டயல் குற்றமில்லை. சொல்லப்போனால் கடலுக்குள் செல்பவருக்கு அதுதான் பயன்படும், ஏனெனில் இருட்டில் நேரம் தெரியாத டைவ் வாட்ச் அந்தப் பெயருக்கே தகுதியற்றது. இங்கே குற்றம், அதை அசல் என்று சொல்லி அசலுக்குரிய விலை கேட்பது. விற்பவர் அறியாமல் சொல்லியிருக்கலாம்; ஆனால் இந்த ஒன்றை அறியாதவர் கடிகாரத்தின் மற்ற பாகங்களைப் பற்றித் தரும் உறுதிகளை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

புதிதுபோல மின்னுவதும் எனக்கு உவப்பான செய்தியன்று. பாலிஷ் என்பது எஃகைத் தேய்த்து எடுப்பது. எடுத்த எஃகு திரும்ப வராது. 16610-இன் செயின் மாட்டும் காதுகளின் மேற்பரப்பு கோடு கோடாகவும் பக்கவாட்டு மழமழப்பாகவும் செய்யப்பட்டவை, இரண்டும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். பல முறை பாலிஷ் கண்ட கடிகாரத்தில் அந்த விளிம்பு மழுங்கி உருண்டுவிடும். காதுகள் மெலிந்து ஒன்றுக்கொன்று பருமனில் வேறுபடும். 1996-ஐச் சேர்ந்த கடிகாரமாக இருந்தால் காதுகளின் பக்கவாட்டில் இருக்கும் துளைகள் ஓரத்தை ஒட்டிவந்துவிட்டதுபோலத் தோன்றும். கீறல்கள் நிறைந்த, ஆனால் உருவம் குலையாத ஒரு கடிகாரத்தை இதைவிட மேலானதாகவே நான் கருதுவேன். கீறலை எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம்.

இத்தனை விரிவாக இதை எழுதுவதற்குக் காரணம், பழையதா புதியதா என்ற உங்கள் கேள்வியின் இரு பக்கங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதுதான். புதிய 126610-ஐ வாங்கும்போது நீங்கள் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். எந்தக் கடையில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். பழைய 16610 அப்படியல்ல. ஏறத்தாழ 1988 முதல் 2010 வரை தயாரிப்பில் இருந்த அந்த மாதிரியின் ஒவ்வொரு பிரதியும் யாரோ ஒருவரின் கையில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, யாராலோ பிரிக்கப்பட்டு, எதெதுவோ மாற்றப்பட்டு உங்களிடம் வருகிறது. அங்கே நீங்கள் வாங்குவது அந்த ஒரு பொருளை. உங்கள் நண்பர்கள் இருவரும் மாதிரிகளைப் பற்றிப் பேசுகிறார்கள், அதனால்தான் இருவரும் சொல்வது சரியாகவும் இருக்கிறது, உங்களுக்குப் பயன்படாமலும் போகிறது.

இனி மாதிரிகளுக்கே வருகிறேன். தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் 300 மீட்டர் ஆழத்துக்கு உத்தரவாதம் பெற்றவை. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்குப் பயிற்சி அமைப்புகள் பொதுவாக வகுத்திருக்கும் எல்லை 40 மீட்டர். ஆகவே வடிவமைப்பில் வேறுபாடு தேட வேண்டியதில்லை. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பவை பின்மூடியிலும் கண்ணாடியின் அடியிலும் சாவி கொடுக்கும் திருகிலும் இருக்கும் வளையங்கள். அவற்றில் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் காய்ந்து இறுகும். புது வளையங்கள் போடப்பட்டு அழுத்தச் சோதனையில் தேறிய 16610-ஐ நான் தயங்காமல் கடலுக்குள் கொண்டுசெல்வேன். பத்து ஆண்டுகள் சர்வீஸ் காணாத புதிய தலைமுறைக் கடிகாரத்தைக் கொண்டுசெல்லத் தயங்குவேன். தவிரவும், நீங்கள் முக்குளிக்கும்போது மணிக்கட்டில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கும் என்று நம்புகிறேன். கடிகாரம் அதற்குத் துணை மட்டுமே.

நீருக்குள் கழிந்த நேரத்தைக் கணக்கிடக் கண்ணாடியைச் சுற்றித் திருப்பிவைக்கும் வளையமான பெசல் விஷயத்தில் உண்மையான வேறுபாடு உண்டு. இரண்டும் ஒரு திசையில் மட்டுமே சுழல்பவை. தவறுதலாக இடித்துத் திரும்பினாலும் நீருக்குள் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். பழையதில் பெசலின் மேல் இருப்பது நிறமேற்றிய அலுமினிய வளையம். அது வெயிலில் வெளுக்கும், கீறல் விழும், ஆனால் எளிதில் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். புதியதில் இருப்பது பீங்கான் வகை. அது வெளுக்காது, கீறலும் அநேகமாக விழாது. ஆனால் கல் தரையில் விழுந்தால் உடையக்கூடும். நம்மில் பெரும்பாலோர் பெசலைத் திருப்புவது அலுவலகக் கூட்டம் எப்போது முடியும் என்று கணக்குப் பார்க்கத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே இருக்கும் இயந்திரத்தில் புதியதுதான் மேல். 16610-இல் இருக்கும் 3135 என்னும் இயந்திரம் 1988-இல் வந்தது. முழுச் சாவி கொடுத்தால் சுமார் 48 மணி நேரம் ஓடும். 126610-இல் இருக்கும் 3235 சுமார் 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றிவைத்தால் முன்னது ஞாயிறு மாலை நின்றுவிடும், பின்னது திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். புதியதற்கு நிறுவனம் தரும் துல்லிய உறுதி நாளொன்றுக்குக் கூடவோ குறையவோ இரண்டு நொடி. பழையது பெற்ற குரோனோமீட்டர் என்னும் துல்லியச் சான்றின் எல்லை நான்கு நொடி பின்னும் ஆறு நொடி முன்னும். ஆனால் நீங்கள் தினமும் கட்டப்போகிறேன் என்கிறீர்கள்; தினமும் கையில் இருக்கும் கடிகாரத்துக்கு 48 மணி நேரமே தாராளம். அதோடு 3135 பல மாதிரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய இயந்திரம். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் நிறையவே இருக்கின்றன.

எனக்குப் பெரிதாகப் படுவது மணிக்கட்டில் அது எப்படி உட்காருகிறது என்பது. எண்ணளவில் பழையதன் விட்டமான 40 மில்லிமீட்டருக்கும் புதியதன் 41-க்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் 16610-இன் காதுகள் மெல்லியவை, செயினும் இலகுவானது. சட்டையின் கைமடிப்புக்குள் ஓசையின்றிப் போய்விடும். புதியது கனமானது, தன் இருப்பை நாள் முழுவதும் உணர்த்திக்கொண்டே இருப்பது. மெலிந்த மணிக்கட்டுக்காரர்கள் கடையில் ஐந்து நிமிடம் கட்டிப்பார்த்து இந்தக் கனத்தைத் தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அரை நாள் கட்டிப்பார்த்தால் அபிப்பிராயம் மாறுவதுண்டு. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: புதிய செயினின் கொக்கியில் கருவி எதுவும் இல்லாமல் இரண்டு மில்லிமீட்டர் அளவாக நீட்டிக் குறைக்கும் வசதி உண்டு, வெயிலில் மணிக்கட்டு வீங்கும்போது அதன் அருமை தெரியும். பழைய கொக்கி மெல்லிய தகட்டில் செய்யப்பட்டது. இவ்வளவு விலையுள்ள கடிகாரத்துக்கு அது போதாது என்றே எப்போதும் நினைத்திருக்கிறேன்.

எது கூடுதல் விலைக்குப் போகும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகள் தினமும் கட்டப்போகும் ஒன்றை விற்கும் விலை பார்த்து வாங்க வேண்டியதும் இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பழைய தலைமுறையைத்தான் வாங்குவேன், ஆனால் இந்தப் பிரதியை வாங்க மாட்டேன். ஏறத்தாழ 2000-க்கும் 2003-க்கும் இடைப்பட்ட 16610 ஒன்றைத் தேடுங்கள். அக்காலத்தவற்றில் சூப்பர்-லூமினோவா பூச்சு வந்துவிட்டது, அசல் டயலே இன்றும் இருட்டில் ஒளிரும். செயினைக் கடிகாரத்தோடு இணைக்கும் முனைக் கண்ணிகள் உள்ளீடற்றவையாக இல்லாமல் கெட்டியானவையாக மாறிவிட்டன. காதுகளில் துளைகளும் இன்னும் இருந்தன, எனவே செயினைக் கழற்றி வேறு பட்டை மாட்டுவது எளிது. கிடைத்ததும் விற்பவரின் சொல்லை விட்டுவிட்டு, அவரோடு தொடர்பில்லாத ஒரு கடிகாரக் கலைஞரிடம் பின்மூடியைத் திறந்து காட்டுங்கள். செயினைக் கழற்றினால் காதுகளுக்கு இடையே ஒரு முனையில் மாதிரி எண்ணும் மறுமுனையில் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆவணங்களில் உள்ள எண்களோடு அவற்றை ஒப்பிடுங்கள். விற்பவர் இதற்கு இசையவில்லை என்றாலோ, இப்படிப் பார்த்துத் தர நம்பகமான ஆள் உங்களுக்கு அமையவில்லை என்றாலோ, தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு 126610-ஐ அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கிவிடுங்கள். கனம் பழகிவிடும்.

பழையதை வாங்கினால் முதல் வேலையாக வளையங்களை மாற்றி அழுத்தச் சோதனை செய்யக் கொடுங்கள். கொடுக்கும்போது டயலையும் முட்களையும் மாற்றக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கேட்காவிட்டால் இரண்டையும் செய்து தருபவர்கள் உண்டு. சோதனையின் முடிவு கைக்கு வரும்வரை, கை கழுவும்போதுகூட அதைக் கழற்றிவைப்பது நல்லது.

அன்புடன்.