சிறு குழந்தைகள் பத்துப் பேரைச் சேர்த்து ஆட்டம் நடத்தினால் ஐந்தே நிமிடத்தில் கலைந்துவிடுகிறது. அவர்களுக்கு ஏற்ற புதிய ஆட்டங்களை எப்படி உருவாக்குவது?

உங்களிடம் இருப்பது மூன்றரை முதல் ஆறு வயது வரை கலந்த கூட்டம் என்றும், முந்தைய இரவே விதிகளை எழுதிக்கொண்டு போய், மறுநாள் அவை சிதறுவதைப் பார்த்து நிற்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். நானும் அப்படி நின்றவள்தான். மழலையர் வகுப்பில் நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்த அனுபவம் மட்டுமே என்னிடம் உள்ளது. படித்துப் பட்டம் பெற்றவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

என் சிலை ஆட்டம் எளியது. நான் கைதட்டும் வரை ஓட வேண்டும், தட்டல் நின்றதும் சிலையாக வேண்டும், அசைந்தவர் அவுட். பதினொரு பேரில் கடைக்குட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் நாலடி கூடுதலாக ஓடி முதல் ஆளாக வெளியேறினான். நான்காம் முறை திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். விதி அவனுக்குத் தெரியாமல் இல்லை, கேட்டால் பிழையின்றி ஒப்பிப்பான். அந்த வயதில் விதியைச் சொல்ல முடிவதும் ஓடும் காலை நிறுத்த முடிவதும் வேறு வேறு திறன்கள் என்பதும், இரண்டாவது மெதுவாகத்தான் வரும் என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவனை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "அவன் கணக்குல இல்ல" என்று பெரிய பிள்ளைகள் உரக்க அறிவித்தார்கள்; திரைச்சீலையே மேல் என்றாகிவிட்டது. அடுத்து, அவுட் ஆனவரே கைதட்டலாம் என்று மாற்றினேன். கைதட்டும் ஆசையில் எல்லோரும் வேண்டுமென்றே ஆடி அசைந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அப்போது ஐந்தரை வயதுப் பெண் ஒருத்தி, "அவுட் ஆனா மரமாயிடலாமே, மிஸ்" என்றாள். அசைந்தவர் அந்த இடத்திலேயே மரமாகக் காலை ஊன்றி நிற்க வேண்டும், ஆனால் கிளைகளை, அதாவது கைகளை, நீட்டலாம். கிளை பட்டவரும் மரம். ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத அந்தக் கடைக்குட்டி முதல் மரமானான். மற்றவர்களைத் தொட்டுப் பிடிக்கும் வேலை முதல் மரமாக இருப்பவனுக்கே அதிக நேரம் கிடைக்கும் என்பதால் ஆட்டத்தின் நாயகனும் அவனே ஆனான். மரங்கள் பெருகப் பெருக ஓடும் இடம் சுருங்கியதால், யாரும் நிறுத்தாமலே ஆட்டம் நான்கைந்து நிமிடத்தில் தானாக முடிந்தது. கடைசி ஆளுக்குப் பரிசு இல்லை, அடுத்த சுற்றில் கைதட்டும் உரிமை மட்டுமே.

ஆகவே என் பதில்: முழு ஆட்டத்தைக் கொண்டுபோகாதீர்கள், பாதியைக் கொண்டுபோங்கள். அவுட் என்று ஒருவரை உட்கார வைக்கும் இடம் எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கே அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு முறைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். விளக்க மூன்றாவது வாக்கியம் தேவைப்பட்டால் அந்த விதியைக் கைவிடுங்கள்.

அழுகுணி ஆட்டம் என்று அவசரப்பட்டு முத்திரை குத்துவதும் வேண்டாம். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே கோலி ஆடும் சிறுவர்களைக் கவனித்து 1932இல் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: விதிகள் பெரியவர்கள் வகுத்தவை, அவற்றை மாற்றவே கூடாது என்று உறுதியாகச் சொல்லும் சிறு குழந்தைகள், ஆடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடுகிறார்கள், விதியைப் பொதுவாக்கி ஒத்து ஆடும் முயற்சி ஏழெட்டு வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது.

போட்டியே இல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள் என்று யாரேனும் கேட்பீர்கள். நான் போட்டிக்கு எதிரி அல்ல. ஐந்து நிமிட ஆட்டத்தில் நான்கு நிமிடம் சுவரோரம் உட்கார்ந்திருப்பதில் எந்தத் தேர்ச்சியும் கிடைப்பதில்லை என்கிறேன். என்னை அதைவிட வருத்தியது, குழந்தை வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்ததும் "ஜெயிச்சது யாரு?" என்று முதல் கேள்வியாகக் கேட்ட பெற்றோர்தான். மரமாக நின்ற பெருமையைச் சொல்ல வாயெடுத்த பிள்ளை அந்தக் கேள்விக்கு என்ன சொல்லும்?

பிறகு நிர்வாகத்தினர் கேட்டதால் அந்த ஆட்டத்தை எண்ணிட்ட விதிகளோடு பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் மரங்கள் நடக்கத் தொடங்கிவிட்டன.