பழியைத் தூளில் போடாதீர்கள்: வயிற்றுப்புண் கேள்வி பதில்

பதில் சொல்பவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தாதி. கேட்பவர்களுக்கு அவர்களின் ஊர்ப் பெயர்.

கோண்டாவில்: மிஸ், அம்மாவுக்கு எண்டொஸ்கோபியில் வயிற்றுப்புண் என்றார்கள். நேற்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் குளிசைப் பையைத் திறந்து பாருங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் இருந்தால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, மெல்லாமல் விழுங்கவேண்டும். அமொக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் தந்திருந்தால் அவை புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கு, வழக்கமாக 14 நாள். நாலாம் நாள் நோ குறைந்ததும் பலர் தாங்களாக நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தினால் கிருமி சாகாது, அதே மருந்து அடுத்த முறை வேலை செய்யாமலும் போகலாம். வாய் கசக்கும், வயிறு இளகும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உடம்பில் தடிப்போ மூச்சுமுட்டோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக், இபுப்ரோபென் ஏதும் போடுகிறாரா? புண்ணுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவரை நோவுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) போதும். இதயத்துக்கென்று அஸ்பிரின் தந்திருந்தால் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

தினமும் மலத்தின் நிறத்தைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். தார் மாதிரிக் கறுத்து ஒட்டினாலோ, சத்தி (வாந்தி) கோப்பித்தூள் நிறத்தில் வந்தாலோ, திடீரென்று வயிறு கல்லாக இறுகி நொந்தாலோ, வாய்க்கு எதுவும் கொடுக்காமல் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சாவகச்சேரி: பால் குடித்தால் ஆறுமா?

பதில்: கொஞ்ச நேரம் ஆற்றும், பிறகு அமிலத்தைக் கூட்டும். தேநீரில் விடுங்கள், மருந்தாக வேண்டாம்.

இணுவில்: எங்கள் மிளகாய்த்தூள்தானே இதற்கெல்லாம் காரணம்?

பதில்: இல்லை. உறைப்பு சிலருக்கு எரிவைக் கூட்டும், அவர்கள் குறைக்கட்டும். பெரும்பாலான புண்களுக்குக் காரணம் அந்தக் கிருமியும் நோக்குளிசைகளும்தான்.

நல்லூர்: ஒத்துக்கொள்ளமாட்டேன் மிஸ். அப்பா தூளை விட்ட பிறகுதான் சுகம் கண்டார்.

பதில்: அந்த மாதம் மருந்தும் எடுத்தாரா?

நல்லூர்: ஓம், இரண்டு கிழமை.

பதில்: பிறகென்ன! மருந்து செய்த வேலைக்குத் தூளில்லாத சொதிக்குப் பேர் கொடுக்கிறீர்கள். அவுஸ்திரேலிய டொக்டர் பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவைத்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வாங்கினார். அவர் குடித்த கிண்ணத்தில் தூள் இருக்கவில்லை.

இணுவில்: அப்ப உறைப்பான ஒடியல் கூழ் குடிக்கலாம்?

பதில்: ஒத்துக்கொண்டால் குடியுங்கள். தூள் கதை இத்தோடு போதும்.

பருத்தித்துறை: இடுப்பு நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனக் வாங்குகிறேன். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்குப் பாதுகாப்புத்தானே?

பதில்: இல்லவே இல்லை. அது இரத்தத்தில் கலந்து, இரைப்பைச் சுவரைக் காக்கும் புரொஸ்டகிளாண்டின் சுரப்பைக் குறைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் அதே ஆபத்து. டொக்டர் எழுதாமல் வாங்காதீர்கள்.

மானிப்பாய்: கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

பதில்: மருந்து முடியும்வரை வேண்டாம். முருகன் கோபிக்கமாட்டார்.

சுன்னாகம்: பால் குடிக்கலாமா?

பதில்: மேலே வாசியுங்கள்.

கொடிகாமம்: அப்பாவுக்கு மலம் கறுப்பு, எழும்பினால் தலைசுற்று. இரும்புக் குளிசையும் போடுகிறார், அதனால்தானோ? நாளைவரை பார்க்கவா?

பதில்: இரும்பும் கறுப்பாக்கும், ஆனால் தலைசுற்று? எழுதுவதை நிறுத்திவிட்டு 1990ஐக் கூப்பிடுங்கள். அப்பாவைப் படுக்கவிடுங்கள், தண்ணீரும் கொடுக்கவேண்டாம், போடும் குளிசைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள்.