நோட்டு அடிக்கும் ரிசர்வ் வங்கி மேலே இருக்கும்போது, கீழே ஒரு வங்கி எப்படி முழுகும்?

ஓர் அரசு வங்கியில் கேஷ் கவுன்டரில் தொடங்கி, 31 வருடம் கழித்து கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்வியை கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவர்கள் ஏராளம். "அதான் ஆர்பிஐ இருக்கே சார், அடிச்சுக் குடுக்க மாட்டாங்களா?" பின்னால் வரிசை நிற்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. இப்போது நேரம் இருக்கிறது.

போன மாதம் ஒரு காதணி விழாவில் 501 ரூபாய் மொய் எழுதினேன். ஒரு 500 ரூபாய்த் தாள், ஒரு ரூபாய் நாணயம். தாளில் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்தும், இத்தனை ரூபாய் தருவேன் என்ற உறுதிமொழியும் இருக்கும், அதாவது அது ரிசர்வ் வங்கி பட்டிருக்கும் கடன். நாணயம் அப்படியில்லை, அதை வெளியிடுவது மத்திய அரசு, ரிசர்வ் வங்கி வாங்கி விநியோகம் மட்டும் செய்கிறது. பழைய ஒரு ரூபாய்த் தாள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளருடையதுதான் இருக்கும். எனக்கு அடுத்து நின்ற தம்பி பர்ஸையே எடுக்கவில்லை, மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி 1001 அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அவன் அனுப்பிய பணம் அரசுடையதும் இல்லை, ரிசர்வ் வங்கியுடையதும் இல்லை. அவனுடைய வங்கி அவனுக்குத் தர வேண்டியிருந்த கடன் 1001 ரூபாய் குறைந்து, விழா வீட்டாரின் வங்கி அவர்களுக்குத் தர வேண்டிய கடன் 1001 ரூபாய் கூடியது, அவ்வளவுதான்.

உங்கள் பாஸ்புக்கில் இருக்கும் எண் என்பது அந்த ஒரு வங்கி உங்களுக்குக் கொடுத்திருக்கும் வாக்கு. வாக்குக் கொடுத்தவர் நொடித்துப் போனால் வாக்கும் போகும். தாளும் பாஸ்புக் எண்ணும் ஒரே ரூபாய் போலத் தெரிவதற்கு நடுவில் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. அதைத்தான் வங்கி அமைப்பு என்கிறோம்.

நமக்கு வங்கியில் கணக்கு இருப்பதுபோல வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் நடப்புக் கணக்கு இருக்கிறது. இந்தத் தம்பியைப் போல ஒரு நாளில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு 100 கோடி போகிறது, அங்கிருந்து 93 கோடி திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கணக்குப் பார்த்துச் சொல்லும். மீதி 7 கோடி மட்டும் ரிசர்வ் வங்கியின் பேரேட்டில் இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு நகரும். இது ஒரு நாளில் பல முறை நடக்கிறது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் வழிகளான என்இஎஃப்டி 2019 டிசம்பரிலிருந்தும், பெரிய தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் ஓடுகின்றன, தீபாவளி அன்றைக்கும் விடுமுறை கிடையாது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளியூர் செக் பாஸ் ஆக இரண்டு மூன்று வாரம் ஆனதை என் பேரனிடம் சொன்னால் சிரிக்கிறான்.

நீங்கள் போட்ட 100 ரூபாய் டெபாசிட்டில் 3 ரூபாயை வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்தே ஆக வேண்டும், வட்டி கிடையாது. இதுதான் சிஆர்ஆர், 2025இல் 4 சதவீதத்திலிருந்து கட்டம் கட்டமாக இந்த 3க்கு இறக்கினார்கள். இன்னொரு 18 ரூபாய் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களில் போக வேண்டும், இது எஸ்எல்ஆர். அரசு கடன் வாங்கும்போது அதன் பத்திரங்களை ஏலம் விட்டுக் கணக்குப் பார்ப்பதும் ரிசர்வ் வங்கிதான் என்பதால், நம் எஃப்டியின் ஒரு பகுதி நமக்கே தெரியாமல் டெல்லிக்கும் மாநில அரசுகளுக்கும் கடனாகப் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சத்தைக் கடனாகக் கொடுக்கலாம், ஆனால் வங்கிக் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்குப் போயாக வேண்டும். (நம் பக்கத்தில் இந்த இலக்கில் எவ்வளவு விவசாய நகைக்கடனாலேயே நிரம்புகிறது என்பது கிளையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.) வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் ரெப்போ வட்டியை முடிவு செய்வது 2016இல் வந்த ஆறு பேர் குழு. மூன்று பேர் ரிசர்வ் வங்கி, மூன்று பேர் அரசு நியமித்தவர்கள், ஓட்டு சமமானால் கவர்னருக்கு இன்னொரு ஓட்டு.

இனி உங்கள் கேள்வி. வங்கிக்கு இரண்டு விதமான கஷ்டம் வரும். சொத்தெல்லாம் நல்லபடி இருக்கிறது, ஆனால் இன்றைக்குக் கையில் காசில்லை என்பது ஒன்று. அரசுப் பத்திரத்தை அடகு வைத்தால் ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும், நகையை வைத்து நாம் வாங்குகிற மாதிரியேதான். கொடுத்த கடன் திரும்பவே வராது, கணக்கில் ஓட்டை விழுந்துவிட்டது என்பது இரண்டாவது. அந்த ஓட்டையை நோட்டு அடித்து அடைப்பது ரிசர்வ் வங்கியின் வேலையில்லை. அப்படி அடைத்தால் கண்டவனுக்கும் கடன் கொடுத்த ஒரு வங்கியின் நஷ்டத்தை விலைவாசி வழியாக நாடே சுமக்கும்.

1960இல் கேரளாவில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதுதான் இதில் பெரிய பாடம். ரிசர்வ் வங்கியே நீதிமன்றத்துக்குப் போய் மூட வைத்தது, டெபாசிட் போட்டவர்கள் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு வங்கியை இன்னொன்றோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் சட்டத்தில் வந்தது. 1962 ஜனவரியில் டெபாசிட் காப்பீடும் வந்தது, அப்போது வரம்பு 1500 ரூபாய். அந்த இணைப்பு அதிகாரத்தை 60 வருடம் கழித்துக் கரூரில் பார்த்தோம். 1926இல் அங்கே தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பர் 17 அன்று முடக்கி, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். பத்தே நாளில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் ஒரு பைசா குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சவில்லை. ஆக, வங்கி முழுகுவதை ரிசர்வ் வங்கி எப்போதும் தடுப்பதில்லை, முழுகும்போது யார் நனைய வேண்டும் என்பதைத்தான் முடிவு செய்கிறது.

பல பேர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு இடம், உடைமை வேறு, கண்காணிப்பு வேறு என்பது. ரிசர்வ் வங்கியே 1935 ஏப்ரல் 1 அன்று தனியார் பங்குதாரர்களின் 5 கோடி ரூபாய் மூலதனத்தில் தொடங்கியது, 1949இல்தான் அரசுடைமை ஆனது. 1969 ஜூலையில் 14 வங்கிகள், 1980இல் இன்னும் 6 என்று இந்திரா காந்தி அரசு எடுத்துக்கொண்டது. முதல் பட்டியலில் இந்தியன் வங்கியும், காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்த ஐஓபியும் (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) இருந்தன. இணைப்புகளுக்குப் பிறகு 2020 ஏப்ரலிலிருந்து அரசு வங்கிகள் 12. இவற்றின் முதலாளி மத்திய அரசு, மேற்பார்வை ரிசர்வ் வங்கி. என் கணக்கில் இந்த அமைப்பின் பலவீனமான தையல் இதுதான். தனியார் வங்கித் தலைவர் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியே நீக்கலாம். அரசு வங்கித் தலைவரை நீக்க அதற்கு அதிகாரம் இல்லை. 2018இல் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெடித்தபோது, அப்போதைய கவர்னர் உர்ஜித் படேல் இதை ஒரு பொதுமேடையிலேயே சொன்னார். அந்த வருட டிசம்பரில் பதவியை விட்டும் போனார். இந்த இழுபறி புதிதில்லை, நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது அவரோடு ஒத்துப்போக முடியாமல் 1957இல் கவர்னர் ராமா ராவ் விலகினார்.

கிராம வங்கிகள் முப்பங்காளிச் சொத்து: மத்திய அரசுக்கு 50, மாநிலத்துக்கு 15, ஆதரவு தரும் வங்கிக்கு 35 சதவீதம். பல்லவன், பாண்டியன் என்ற இரண்டு கிராம வங்கிகளும் 2019இல் சேர்ந்து சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. பேமென்ட்ஸ் வங்கி டெபாசிட் வாங்கலாம், கடன் கொடுக்கக் கூடாது. நிதி நிறுவனங்கள் கடன் கொடுக்கலாம், ஆனால் அவை வங்கியே இல்லை, அங்கே போடும் பணத்துக்குக் காப்பீடும் இல்லை.

கூட்டுறவில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மேலே மாநில தலைமைக் கூட்டுறவு வங்கி, நடுவில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, கீழே ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். மேல் இரண்டும் ரிசர்வ் வங்கியின் சட்டத்துக்குள் வரும். ஊரில் எல்லோரும் "சொசைட்டி பேங்க்" என்று சொல்லும் கடைசிப்படி, சங்கம்தான், வங்கி இல்லை. என் பெரியப்பா வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் பாதியை அரை சதவீதம் வட்டி கூட என்பதற்காக அப்படி ஒரு சங்கத்தில் போட்டார். அங்கே நகைக்கடனில் போலி நகை விவகாரம் கிளம்பி, பணத்தைத் திரும்பக் கேட்டுப் போனால் "அடுத்த வாரம் வாங்க ஐயா" என்றே நான்கு வருடம் ஓடியது. அசல் வந்தது, வட்டி வரவில்லை. "பேங்க்ல வேலை பாக்குற நீயாவது சொல்லிருக்கலாமேடா" என்று அவர் கேட்டதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை, போட்டது எனக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே பணம் போடுவதற்கு முன், டிஐசிஜிசி (டெபாசிட்டுக்குக் காப்பீடு தரும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம்) காப்பீடு உண்டா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை. அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம், அதே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்குதான், வேறு வங்கியில் போட்டால் அங்கே தனியாக 5 லட்சம். பிரீமியத்தை வங்கி கட்டும், உங்களிடம் வாங்கக் கூடாது. எஃப்டி முதிரும்போது வட்டியோடு 5 லட்சத்தைத் தாண்டுமா என்று பார்த்து, நான் எப்போதும் 4 லட்சத்துச் சொச்சமாகத்தான் போடுகிறேன்.