நீர்க்கரை வீட்டுக்குப் பழைய மரமும் பழைய கல்லும்

தம்பி, நிரந்தர வதிவிட உரிமையோடு சிட்னிக்கு வந்து, அதற்கு வடக்கே வோய் வோய்ப் பக்கம் நீர்க்கரையில் நிற்கும் பழைய ஃபைப்ரோ (அஸ்பெஸ்டஸ் கலந்த சிமெந்துத் தகடு) வீடொன்றைப் பார்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இடித்த கட்டடங்களின் மரத்தையும் கல்லையும் கொண்டு அதைத் திருத்தினால் செலவு பாதியாகும் என்று நண்பர் சொன்னது சரிதானா என்றும் கேட்டிருந்தீர்கள். செலவு குறையாது, பல இடங்களில் கூடும். ஆனாலும் அந்த வழியிலேயே கட்டுங்கள் என்பதுதான் என் எண்ணம். உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கும் பொருளை இந்தக் கரையோரத்தில் தேடினால், பழைய வன்மரத்தைவிட நம்பத்தக்கது அதிகம் கிடைக்காது.

நம் ஊரில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது வைரம் பாய்ந்த பனை வளைகளைக் கழுவிக் காயவைத்துப் புதுக் கூரைக்கு ஏற்றுவது இயல்பான காரியம். அங்கே கூலி குறைவு, மரம் அருமை. இங்கே கூலிதான் அருமை. இடித்த இடத்திலிருந்து வரும் ஒவ்வொரு உத்தரத்திலும் ஆணி இருக்கும். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியால் தேடி அதைப் பிடுங்காமல் இழைப்பு இயந்திரத்தில் விட்டால் அலகு உடைந்துபோகும். அதற்குப் பிறகு, பாரம் தாங்கும் இடத்துக்கு அந்த மரம் தகுமா என்று தரம் பிரிப்பவர் பார்க்க வேண்டும். தரம் தெரியாத மரத்தைக் கணக்கில் சேர்க்க எந்தப் பொறியியலாளரும் உடன்படமாட்டார். நண்பர் சொன்ன பாதி விலை இந்தக் கூலியிலேயே கரைந்துவிடும்.

அப்படியிருந்தும் ஏன் வாங்க வேண்டும் என்றால், பல பத்தாண்டுகள் கூரைக்குக் கீழே இருந்த மரம் சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். புதுமரம்போல வீட்டில் ஏறியபின் முறுக்கிக்கொண்டு கதவை இறுக்காது. அயன்பார்க் என்ற மரம் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 1,100 கிலோ இருக்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். வெளித்தளத்தின் விட்டங்களுக்கு அதுவும், மேற்பலகைக்கு ஸ்பொட்டட் கம் அல்லது பிளக்பட் என்ற வன்மரங்களும் பொருந்தும். தண்ணீருக்குள் இறங்கும் தூண்களுக்கு டர்பன்டைன் மரம். அதில் சிலிக்கா செறிந்திருப்பதால் கப்பற்புழு எளிதில் துளைக்காது, ஆகவேதான் சிட்னித் துறைகள் தலைமுறை தலைமுறையாக அதை நம்பின. 1910களில் மரத்தூண்கள் மேல் எழுப்பப்பட்ட வூலூமூலூ துறைக்கட்டடம் இன்று குடியிருப்பாகவும் விடுதியாகவும் நிற்கிறது. வாங்கும் முன் ஒருமுறை போய் அதன் உத்தரங்களையும் இணைப்புகளையும் பாருங்கள்.

மரக்கடையில் வைரப் பகுதியை மட்டும் கேளுங்கள், வெளிறு, அதாவது வெளிப்புற மென்பகுதி, ஒட்டியிருந்தால் அங்கிருந்துதான் பூச்சி ஏறும். பச்சை சாயல் கொண்ட பழைய மரம் செம்பும் ஆர்சனிக்கும் ஏற்றியதாக இருக்கலாம். கிரியோசோட் நெடி அடிக்கும் துறைத்தூண்களும் வரும். இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், அறுத்த துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது. ஆணியும் திருகும் 316 தரத் துருப்பிடியா எஃகாக இருக்கட்டும். மலிவான நாகப்பூச்சு ஆணி உப்புக் காற்றில் சில ஆண்டுகளிலேயே அழியும், மரம் நின்றாலும் தளம் ஆடும்.

கல்லைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலர் அதை அழகுக்காக மட்டும் வாங்குகிறார்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் சிட்னி மணற்கல். நீரை உறிஞ்சும் கல் அது. கடல்நீரின் உப்பு உள்ளே போய், காயும்போது படிகமாகி, மேற்பரப்பை மாவு மாவாக உதிர்க்கும். கல்லைவிடக் கடினமான சிமெந்துச் சாந்தால் கட்டினால் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல்லின் முகத்தையே தின்னும். சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரமும் உப்பும் சாந்தின் வழியே வெளியேறும், உதிர்வதும் சாந்துதான், அதை மாற்றலாம். கல் பூமியில் எப்படிப் படுக்கையாகக் கிடந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். இதைத் தானாகவே சொல்லும் மேசனைத் தேர்ந்தெடுங்கள். சிட்னியின் காசில்கிரேக்கில் 1920களில் கட்டடக் கலைஞர் வால்டர் பேர்லி கிரிஃபின் அந்த மண்ணின் கல்லாலேயே கட்டிய தாழ்ந்த வீடுகள் மரங்களுக்கிடையே பாறையோடு பாறையாக நிற்கின்றன. இந்தக் கல் எந்த அளவுக்கு இந்த நிலத்துக்கு உரியது என்பது அங்கே விளங்கும். இன்னொன்று: புதிதாக இழைத்த வன்மரத்திலிருந்து மழையில் துவர்ச்சாறு வடியும். கீழே மணற்கல் படி இருந்தால் அந்தப் பழுப்புக் கறை எளிதில் போகாது. மரத்தைச் சில வாரம் வெளியில் வைத்து மழையில் கழுவவிட்ட பின்பே பொருத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்த வீடு ஃபைப்ரோ என்பதால், எல்லாவற்றுக்கும் முதல் அஸ்பெஸ்டஸ். இந்நாட்டில் அது முழுமையாகத் தடையானது 2003 டிசம்பர் 31இல்தான். பத்துச் சதுர மீற்றருக்கு மேல் அகற்ற உரிமம் பெற்றவர் வேண்டும். ஓர் அறையின் சுவரே அந்த அளவைத் தாண்டும். பழைய கதவு, சன்னல்களின் பூச்சில் ஈயமும் இருக்கலாம், சுரண்டும் முன் பரிசோதியுங்கள். வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த இரண்டிலும் பணம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அனுமதிகளில் நீர்க்கரைக்கே உரியது ஒன்று: உயர்நீரின் சராசரிக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலம் பொதுவாக அரசினுடையது. விற்பவர் காட்டும் இறங்குதுறைக்கு உரிமம் உண்டா, உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பகுதி தாழ்ந்த நிலம். தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை வெள்ள விதி தீர்மானிக்கும். பின்னால் காடு இருப்பதால் காட்டுத்தீ மதிப்பீடும் சேரும். நெருப்பைத் தாங்கும் என்று ஆஸ்திரேலியக் கட்டட நியமம் ஏற்றுக்கொண்ட ஏழு மரங்களில் ஸ்பொட்டட் கம், பிளக்பட், டர்பன்டைன், சிவப்பு அயன்பார்க் ஆகியவை இருப்பது நல்லகாலம். வேலை 5,000 டொலருக்கு மேல் போனால் உரிமம் பெற்ற கட்டுநர் வேண்டும், 20,000 டொலருக்கு மேல் என்றால் அவர் காப்புறுதிச் சான்றைத் தந்த பிறகே முன்பணம் கொடுங்கள். அதுவும் பத்து வீதத்துக்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

வெள்ளமும் தீயும் பற்றிய விவரம் விற்பனை ஒப்பந்தத்தோடு வரும் 10.7 என்ற திட்டமிடல் சான்றிதழில் இருக்கும். சட்டத்தரணியிடம் அதை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தப் பிரதிகளைக் கைமாற்றிய பின் ஐந்து வேலை நாட்களுக்குள் விலகலாம், விலையில் கால் வீதம் (0.25%) இழப்பீர்கள். ஏலத்தில் எடுத்தால் அந்த ஐந்து நாளும் கிடையாது. ஆகவே வீடு ஏலத்துக்கு வருவதாக இருந்தால், கறையான் பரிசோதனையும் அஸ்பெஸ்டஸ் பரிசோதனையும் ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.